வின்னியில் என் பாதி

பெத்தேல் ஹில், ஓஹாயோ
அக்டோபர் 24, 1859

அன்புள்ள லூசிண்டா அக்காவுக்கு,

தங்கை ஹெஸ்டர் எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் கிடியனும் சுகம். தோல் பதனிடும் தொட்டியில் நின்று நின்று இவருக்கு முழங்கால் வலி. சொன்னால் கேட்கிற ஆளா? உனக்கும் ஆம்ப்ரோஸ் அத்தானுக்கும் பையன்களுக்கும் உடம்பு எப்படி? அப்பாவை அடக்கம் செய்த அன்று மழையில் நனைந்தாயே, அந்த இருமல் விட்டதா?

அக்கா, வக்கீல் உயிலைப் படித்தபோது நான் அழுதுகொண்டிருந்ததால் பாதி காதில் விழவில்லை. வெள்ளிக் கரண்டிகள் உனக்கு, புத்தக அலமாரி எனக்கு, "வின்னியும் அவள் பிள்ளை ஃபீபியும் என் மகள்கள் இருவருக்கும் சரிபாதி." நம்மோடு ஒரே அடுப்படியில் வளர்ந்தவளைக் கரண்டிக்கு அடுத்த வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அன்று உறைக்கவில்லை. இங்கே வந்துதான் உறைத்தது.

எங்கள் சபை வழக்கம் உனக்குத் தெரியும். திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மூப்பர்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு ஈய வில்லை கொடுப்பார்கள். மறுநாள் அதைக் காட்டினால்தான் கர்த்தருடைய பந்தியில் இடம். அடிமை வைத்திருப்பவருக்கு வில்லை கிடையாது. அந்தச் சட்டம் வந்தபோது கைதட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டவள் நான். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை என் முறை வந்ததும் மூப்பர் ஸ்ப்ரௌல் வில்லைப் பையின் வாயை இறுக்கிக்கொண்டார்.

"சிஸ்டர் லேர்ட், கென்டக்கியில உங்க பேர்ல ஒரு பொம்பள இருக்காளாமே?"

"பாதிதாங்க," என்றேன். வாயில் வந்துவிட்டது, அக்கா!

"எந்தப் பாதி, சிஸ்டர்?"

பின்னால் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. மறுநாள் எல்லாரும் பந்திக்கு எழுந்து போனார்கள். நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

ஆகையால் நாம் இருவரும் சேர்ந்து வின்னியையும் பிள்ளையையும் விடுதலை செய்துவிடுவோம். கோர்ட்டில் ஒரு கையெழுத்துதானே. அவர்களை நான் இங்கே கூட்டிவந்துவிடுகிறேன். பட்டறைக்குப் பின்னால் அறை கட்டித் தருகிறேன் என்று இவர் சொல்லிவிட்டார்.

அடிமைகளை விடுவிக்கப்போகிறேன் என்று ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைப் பிடித்த கிழவரைப் பற்றி உங்கள் பத்திரிகை என்ன எழுதுகிறது? இங்கே பாதிப் பேர் பைத்தியம் என்கிறார்கள், பாதிப் பேர் தீர்க்கதரிசி என்கிறார்கள். வின்னிக்கும் ஃபீபிக்கும் என் அன்பு. சீக்கிரம் பதில் போடு.

உன் பிரியமுள்ள தங்கை,
ஹெஸ்டர்


வால்நட் ஃபோர்டு, கென்டக்கி
நவம்பர் 15, 1859

என் கண்ணு ஹெஸ்டருக்கு,

அக்கா எழுதுவது. இருமல் விட்டது. பையன்கள் கொழுகொழுவென்று இருக்கிறார்கள். அத்தானும் நலம், கோபம்தான் கொஞ்சம் கூடுதல். உன் வீட்டுக்காரருக்குப் பன்றிக்கொழுப்பும் டர்பன்டைனும் கலந்து தேய்க்கச் சொல்.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாது. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குப் பிறகு இங்கே யாரும் யாரையும் நம்புவதில்லை. ரோந்துக்காரர்கள் இரண்டு மடங்கு. புத்தகம் விற்க வந்த ஒரு வடக்கத்தியானை ஊர் எல்லை வரை துரத்திக்கொண்டு போனார்கள். பாவம், அவன் கையில் இருந்தது சமையல் புத்தகம்.

"இந்தச் சமயத்துல ஒருத்திய விடுதலை பண்ணினா நாளைக்கு ஊரே நம்மள அந்தக் கிழவனோட கூட்டாளின்னு சொல்லும்," என்கிறார் அத்தான். "உன் தங்கச்சிக்கு என்ன, ஆத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு ஜெபம் பண்ணலாம். இங்க வாழப்போறது நானு."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே, ஹெஸ்டர். கொஞ்சம் பொறு. ஊர் அடங்கட்டும்.

ஒரு வேடிக்கை கேள். போன வாரம் லெக்சிங்டன் ஆள் வியாபாரி ஒருவன் வாசலில் வண்டியை நிறுத்தி, வின்னி துணி உலர்த்துவதைப் பார்த்துவிட்டு, என்ன விலை என்றான். அத்தான் சொன்னார்: "அவளோட பாதி ஒரு ஓஹாயோக்காரிக்குச் சொந்தம். அந்தம்மா கையெழுத்து இல்லாம இவளோட ஒத்தச் செருப்பக்கூட விக்க முடியாது." அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான். உன் பேர் இவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது, பார்த்தாயா!

வின்னி உனக்கு ஏதோ எழுதச் சொன்னாள். தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஃபீபி வளர்ந்துவிட்டாள், முன் பல் இரண்டும் இல்லை.

அன்பு அக்கா,
லூசிண்டா


பெத்தேல் ஹில்
ஜனவரி 16, 1860

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே கடும் குளிர், ஆறு ஓரங்களில் உறைந்துவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான். நீங்கள் எல்லாரும் சுகம்தானே?

நேற்றும் பந்தியில் எனக்கு இடம் இல்லை. இது இரண்டாவது தடவை. கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது. தையல் வகுப்பில் என் பக்கத்து நாற்காலி காலி. தப்பித்து வருகிற அடிமைகளுக்குக் காலுறை பின்னுகிற வகுப்பு அது. "உங்க நூல் எங்கேருந்து வருது, சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

நீ வேடிக்கை என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் பேர் ஒரு ஆள் வியாபாரியின் வாயில்! என்னை வைத்து உங்கள் வாசலில் பேரம்! எனக்கு அருவருப்பாக இருக்கிறது, அக்கா. நான் செத்தால் அந்தப் பேரோடுதானே கர்த்தர் முன்னால் போய் நிற்கவேண்டும்?

அத்தான் விடுதலைக்கு ஒப்பமாட்டார் என்றால் என் பங்காவது என்னைவிட்டுப் போகட்டும். உனக்கே தானமாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், மனசில்லாமல்தான். பேனாவைத் தொட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெஸ்டர், பாதிக் கயிறு உன் கையில இருக்கு. அத விட்டுட்டா முழுக் கயிறும் ஆம்ப்ரோஸ் கையிலதான்."

"எங்க அக்கா கையிலங்க."

"உங்க அக்கா கை யார் கையில இருக்கு?"

கோபத்தில் நான் மைக்கூட்டைத் தட்டிவிட்டேன். புது மேஜைவிரிப்பு பாழ். அக்கா, நீ எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தால் போதும்: வின்னியை யாருக்கும் விற்கக்கூடாது, பிள்ளையிடமிருந்து பிரிக்கக்கூடாது. உன் வாக்குக்கு மேல் எனக்கு எந்தப் பத்திரமும் வேண்டாம்.

தங்கை,
ஹெஸ்டர்


வால்நட் ஃபோர்டு
ஜனவரி 24, 1860

என் தங்கத்துக்கு,

எல்லாரும் சுகம். பத்திரம் வந்து சேர்ந்தது. அத்தான் அன்றைக்கே பனியில் குதிரையேறிக் கோர்ட்டில் பதிந்துவிட்டு வந்தார். இவ்வளவு சுறுசுறுப்பாக அவர் தேவாலயத்துக்குக்கூடப் போனதில்லை.

வாக்குத்தானே? தந்தேன். என் மூச்சு உள்ளவரை வின்னி என் அடுப்படியில்தான். நீ நிம்மதியாகப் பந்திக்குப் போ.

வின்னியிடம் விஷயத்தைச் சொன்னேன். பிஸ்கட் மாவை அடித்துக்கொண்டிருந்தாள், விருந்தாளி வந்தால் முன்னூறு அடி அடிப்பாளே, அந்த மரக் கட்டையில். விருந்தாளி யாரும் வரவில்லை, ஆனாலும் அன்று ரொம்ப நேரம் அடித்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா


பெத்தேல் ஹில்
ஏப்ரல் 30, 1860

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலம், ஆப்பிள் பூத்துவிட்டது. நீங்கள் நலமா? அத்தான்? பையன்கள்? வின்னி, ஃபீபி?

பந்தியில் உட்கார்ந்தேன்! மூப்பர் ஸ்ப்ரௌல் வில்லையை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டார். அப்பத்தைப் பிட்டு வாயில் வைத்ததும் விம்மி விம்மி அழுதுவிட்டேன். தையல் வகுப்பில் என் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் ஆள். மார்பில் இருந்த கல்லை யாரோ எடுத்து வைத்த மாதிரி இருக்கிறது. இவர் மட்டும் பேசாமல் இருக்கிறார். இருக்கட்டும்.

சார்ல்ஸ்டனில் டெமாக்ரட் கட்சிக்காரர்கள் கூடிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாமே. தெற்கத்தியார் எழுந்து வெளியே போய்விடுவோம் என்று மிரட்டுகிறார்களாம். போகட்டும் என்கிறார் எங்கள் பலசரக்குக் கடைக்காரர். இப்போதெல்லாம் எல்லாரும் யாரையாவது போகட்டும் என்றே சொல்கிறார்கள்.

ஃபீபிக்குச் சிவப்பு ரிப்பன் வைத்திருக்கிறேன். வின்னி கையால் கட்டிவிடச் சொல்.

ஹெஸ்டர்


வால்நட் ஃபோர்டு
ஆகஸ்ட் 19, 1860

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

பதில் போட நாலு மாசம் ஆகிவிட்டது, திட்டாதே. மழையே இல்லை. சணல் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. பெரியவனுக்கு அம்மை வந்து தேறினான். சின்னவன் கிணற்றடியில் விழுந்து நெற்றியில் தழும்பு. கோவேறு கழுதைக்கு வயிற்றுவலி வந்து மூன்று நாள் படுத்துக்கிடந்து பிழைத்தது. பக்கத்து வீட்டு மிஸஸ் கிரிம்ஸ்லிக்கு ஏழாவது குழந்தை. போதகருக்குப் பல் எல்லாம் பிடுங்கியாகிவிட்டது, பிரசங்கம் இப்போது பாதிதான் புரிகிறது, ஊருக்கு நிம்மதி.

அத்தான் இப்போது கேப்டன்! மாகாணக் காவல்படைக்கு நம் ஊரில் ஒரு கம்பெனி சேர்த்திருக்கிறார். சாம்பல் நிறச் சட்டை, பித்தளைப் பொத்தான், புதுத் துப்பாக்கி. சனிக்கிழமை தோறும் நம் புல்வெளியை மிதித்துச் சேறாக்குகிறார்கள். "யாரோட சண்டை?" என்று கேட்டேன். "யார் வந்தாலும்," என்றார். ஜனாதிபதித் தேர்தலுக்கு நாலு பேர் நிற்கிறார்கள். அடிமை முறைக்கு எதிரான உங்கள் ஆள் ஜெயித்தால் இங்கே என்ன ஆகுமோ.

ரிப்பன் வந்தது. ஃபீபி கட்டிக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் இப்போது கடையில் வாங்கும் பிஸ்கட்தான்.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

லூசிண்டா


பெத்தேல் ஹில்
செப்டம்பர் 3, 1860

அக்காவுக்கு,

நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கழுதையின் வயிற்றுவலி வரைக்கும் எழுதியிருக்கிறாய். வின்னி எப்படி இருக்கிறாள்? ரிப்பனைக் கட்டிவிட்டது யார்?

ஒரு வரி எழுதினால் போதும்.

ஹெஸ்டர்


பெத்தேல் ஹில்
டிசம்பர் 31, 1860

அக்காவுக்கு,

வருஷம் முடிகிறது. என் செப்டம்பர் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அக்டோபரிலும் எழுதினேன், அதற்கும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று முதலில் பயந்தேன். இப்போது வேறு பயம்.

தென் கரோலினா பிரிந்து போய்விட்டது என்று சேதி வந்த வாரம், இவர் தோல் பதனிட மரப்பட்டை வாங்க ஆற்றுக்கு அக்கரை மேஸ்வில் போனார். அங்கே ஆற்றங்கரையில் அணிவகுப்பு. முன்னால் குதிரையில் அத்தான். இவரைப் பார்த்ததும் இறங்கி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாராம். கொஞ்சம் குடித்திருந்தார் போல. இவர் வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், நடந்ததை அப்படியே சொன்னார்.

"துப்பாக்கியெல்லாம் ஜோரா இருக்கே ஆம்ப்ரோஸ், கவர்மென்ட் குடுத்ததா?"

"கவர்மென்டா? கையக் கடிச்சுக்கிட்டு நானே வாங்கினேன். நாப்பது துப்பாக்கி. உன் பெஞ்சாதிகிட்ட ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லு. இதுல இருபது அவ குடுத்தது."

இவருக்கு முதலில் புரியவில்லை. படகில் பாதி ஆறு வந்தபிறகு புரிந்ததாம். அந்தத் துப்பாக்கிகளின் வாய் எந்தக் கரையைப் பார்த்து இருந்தது என்று நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

அக்கா, வின்னி உன் அடுப்படியில் இருக்கிறாளா, இல்லையா? ஃபீபி எங்கே? நீ எழுதாவிட்டால் பனியானாலும் சரி, அணிவகுப்பானாலும் சரி, நான் நேரில் வந்து நிற்பேன்.

ஹெஸ்டர்


வால்நட் ஃபோர்டு
பிப்ரவரி 11, 1861

ஹெஸ்டருக்கு,

வராதே. எழுதிவிடுகிறேன். நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன், இது ஐந்தாவது.

வின்னி போன மே மாதம் பன்னிரண்டாம் தேதியே போய்விட்டாள். கம்பெனிக்குத் துப்பாக்கி வேண்டும் என்று அத்தான் இரவும் பகலும் அதே பேச்சு. கேப்டன் பட்டம் வேண்டுமென்றால் படையை அவர்தான் சித்தப்படுத்த வேண்டுமாம். "நாம ஆயுதத்தோட நிக்கலன்னா உன் தங்கச்சி ஊர்க்காரனுங்க வந்து வீட்டக் கொளுத்துவானுங்க, பையன்கள நெனச்சுப் பாரு," என்றார். நான் பையன்களை நினைத்தேன்.

பழியை அவர் மேலேயே போட்டுவிடலாம் என்றுதான் முதல் நாலு தாளும் எழுதினேன். இங்கே சட்டம் அப்படி இல்லை, ஹெஸ்டர். பெண்டாட்டி வழியில் வந்த ஆளை விற்க அவள் கையெழுத்தும் வேண்டும். போட்டேன். நீ போட்டது ஒன்று, நான் போட்டது ஒன்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நவம்பரில் தாளில் இடம் இல்லை என்று எழுதினேனே, பொய். முக்கால் பக்கம் காலியாக இருந்தது. வின்னி என் பக்கத்தில் நின்று சொன்னாள்: "சபைக்காரங்க சொல்றாங்கன்னு மிஸ் ஹெஸ்டர் தன் பேர எடுத்துடவேண்டாம்னு எழுதுங்கம்மா. அவங்க சாமி கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, நான் தெனமும் அவங்களுக்காக ஜெபம் பண்றேன்னு எழுதுங்க. அவங்க பேர் இருக்கறதாலதான் அந்த வண்டிக்காரன் திரும்பிப் போனான்." நான் எழுதவில்லை. எழுதினால் நீ எடுக்கமாட்டாய். எடுக்காவிட்டால் இந்த வீட்டில் தினம் சண்டை. எனக்குச் சண்டை சலித்துவிட்டது.

அவளைத் தெற்கே நாட்செஸ் அடிமைச் சந்தைக்குக் கொண்டுபோவதாக வியாபாரி சொன்னான். போகும்போது அழவில்லை. ஃபீபி தூங்கிக்கொண்டிருந்தாள். "எழுப்பவேண்டாம்மா, எழுந்தா கஞ்சில வெல்லப்பாகு ஊத்திக் குடுங்க," என்றாள். நான் ஊற்றிக் கொடுத்தேன். ரிப்பனை நான்தான் கட்டிவிட்டேன்.

ஃபீபி என்னிடம்தான் இருக்கிறாள். என் கண்ணைப் பார்ப்பதில்லை. மறுபடி அந்த வண்டி வாசலுக்கு வந்துபோகிறது. இந்தத் தடவை மருந்துக்கும் வெடிமருந்துக்கும் பணம் வேண்டுமாம்.

நீ என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

லூசிண்டா


பெத்தேல் ஹில்
ஏப்ரல் 22, 1861

லூசிண்டாவுக்கு,

இரண்டு மாதமாக உன்னை அக்கா என்று எழுத முயன்றேன், பேனா ஓடவில்லை. இன்றும் ஓடவில்லை. ஆனால் எழுதியாக வேண்டும். சம்டர் கோட்டையில் பீரங்கி முழங்கிவிட்டது. இங்கே நேற்று ஆராதனை முடிந்ததும் தேவாலய வாசலிலேயே மேஜை போட்டுப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார்கள். இவரும் பெயர் கொடுத்துவிட்டார், முழங்கால் வலியோடு. இந்த மனிதர் எந்தக் கரையில் எந்தத் துப்பாக்கிக்கு எதிரே நிற்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அந்தத் துப்பாக்கிகளில் நான் கொடுத்த இருபதும் சேர்த்தி.

உன்னைத் திட்டமாட்டேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகிவிடும். என் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்று வின்னியைக் கைவிட்டவள் நான். அவளுக்கு வேண்டியிருந்தது என் அழுக்குப் பேர் ஒன்றுதான். அதைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

இப்போது கேள். ஃபீபியை என் பேரில் எழுது. பாதி வேண்டாம், முழுசாக. விடுதலைப் பத்திரம் என்றால் அத்தான் கிழித்துவிடுவார், கோர்ட்டும் ஜாமீன் கேட்டு இழுத்தடிக்கும். அடிமையாகவே தானம் எழுது. நான் நேரில் வந்து, சொந்தக்காரியாக, என் கையால் அவளைப் படகேற்றி இந்தக் கரையில் இறக்குகிறேன். அடிமை முறை இல்லாத இந்த மண்ணில் சொந்தக்காரியே கூட்டிவந்து இறக்கினால் அந்த நிமிஷமே அவள் விடுதலை. எந்த ஆள்பிடிக்காரனும் அவளைத் தொடமுடியாது.

நேற்றே மூப்பர் ஸ்ப்ரௌலிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"நான் ஒரு குழந்தைய அடிமையா வாங்கப்போறேன், மூப்பரே. என் பேர அடிச்சிடுங்க."

"உங்க மனசு கர்த்தருக்குத் தெரியும், சிஸ்டர். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. கொஞ்ச நாள் பொறுத்து, வேற வழி ஏதாவது..."

"போன தடவ நான் சட்டத்துக்குப் பயந்தேன், வின்னி நாட்செஸ் போயிட்டா. அடிச்சிடுங்க."

அவர் அடிக்கவில்லை, பேனாவைத் தேடுவதுபோலத் தேடிக்கொண்டிருந்தார். நானே எழுந்து வந்துவிட்டேன்.

உன்னால் முடியுமா, முடியாதா? மழுப்பாமல் எழுது.

ஹெஸ்டர்


வால்நட் ஃபோர்டு
மே 9, 1861

ஹெஸ்டருக்கு,

முடிந்தது.

கென்டக்கி எந்தப் பக்கமும் சேராது என்று பேசிக்கொள்கிறார்கள். அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. திங்கட்கிழமை கம்பெனியில் பாதிப் பேரோடு தெற்கே போய்விட்டார். போகிற அன்று காலையில் வீட்டு அதிகாரம், மில் குத்தகை, குதிரை ரசீது என்று ஒரு கட்டுக் காகிதம் வைத்தேன். "எங்கெங்க போடணும்?" என்றார். விரலால் காட்டினேன். வெளியே தாரை ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒன்றையும் படிக்கவில்லை. ஃபீபியின் பத்திரம் குதிரை ரசீதுக்கு அடியில் இருந்தது. உன்னிடம் ஒன்றரை வருஷம் மழுப்பினேன், அவரிடம் ஒரு காலைப்பொழுது மழுப்பினேன். வாசல்வரை போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், அது நிஜம்தான்.

மறுநாளே கோர்ட்டில் பதிந்தாகிவிட்டது. வருகிற வியாழக்கிழமை மதியம் மேஸ்வில் படகுத்துறைக்கு வா. நானே கூட்டிவருகிறேன். உன் வீட்டுக்காரர் எங்கே நிறுத்தப்பட்டாலும் எழுது. அவருக்காகவும் ஜெபம் பண்ணுகிறேன், இவருக்காகவும். கர்த்தர் என்ன நினைப்பாரோ.

என்னை அக்கா என்று கூப்பிடவேண்டாம். துறையில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ, போதும்.

லூசிண்டா


பெத்தேல் ஹில், ஓஹாயோ
மே 29, 1861, புதன்கிழமை

பெறுபவர்: வின்னி, சமையல்காரி, சென்ற வருஷம் மே மாதம் கென்டக்கியிலிருந்து கொண்டுவரப்பட்டவள், நாட்செஸ், மிசிசிப்பி

இதை வின்னிக்குப் படித்துக்காட்டுபவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

வின்னி, ஹெஸ்டர் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தெற்கே போகும் தபால் எடுக்கமாட்டார்களாம். அதனால் அவசரமாக எழுதுகிறேன். நீ சொல்லியனுப்பியது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் தெரியாமலே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வியாபாரி திரும்பிப் போனான் என்று படித்தபோது நான் உன்னை நினைக்கவில்லை, என் பேரை நினைத்தேன். மன்னித்துவிடு என்று எழுதமாட்டேன். அது உன்னிடம் இன்னொன்றைக் கேட்பதாகும்.

ஃபீபி இங்கே இருக்கிறாள். மே பதினாறாம் தேதி சாயங்காலம் நாலேகால் மணிக்கு இந்தக் கரையில் கால் வைத்தாள். பத்திரம் பதிந்த நாள் முதல் அதுவரைக்கும் நான் அவளுக்குச் சொந்தக்காரி. அதற்கப்புறம் யாரும் இல்லை. படகில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இப்போது பக்கத்தில் நின்றுகொண்டு, நீங்க எழுதினது போதும், நான் சொல்றத எழுதுங்க என்கிறாள். எழுதுகிறேன்.

அம்மா, நான் ஃபீபி. நல்லா இருக்கேன். முன் பல்லு ரெண்டும் மொளச்சிடுச்சு. ஷூ வாங்கிக் குடுத்தாங்க, வலது கால் கடிக்குது. இங்க தோல் நாத்தம் ஜாஸ்தி, ஆனா பழகிடுச்சு. கிடியன் ஐயா பட்டாளத்துக்குப் போயிட்டாரு, போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ரூம் கட்டினாரு. அதுல ரெண்டு கட்டில் போட்டிருக்காரு. ஒண்ணு யாருக்குன்னு நான் கேக்கல. அன்னிக்கு நீ ஏன் என்னை எழுப்பல? எழுப்பியிருக்கலாம். நான் கோவமா இருந்தேன், இப்ப இல்ல. யாரையாவது நீ இருக்கற எடத்த எழுதிப் போடச் சொல்லு. ஃபீபி, தோல் பட்டறை, பெத்தேல் ஹில்னு போட்டா வந்துடும். எழுத ஆள் கெடைக்கலன்னா பரவால்ல. என்னை இனிமே யாரும் விக்க முடியாதாம், மிஸ் ஹெஸ்டர் சொன்னாங்க, மூணு தடவ கேட்டுட்டேன். அதனால நீ எப்ப தேடிக்கிட்டு வந்தாலும் நான் இங்கயேதான் இருப்பேன்.